கண்ணாடி போச்சு, மாத்திடலாம்!

வாட்ச் ரிப்பேர் கடையில் பழைய சாவி வாட்ச் ஒன்றை நீட்டினால், கடைக்காரர் கண்ணில் மாட்டிய லென்ஸைக்கூடக் கழற்றாமல் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "கண்ணாடி போச்சு சார், மாத்திடலாம்." உள்ளே மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா, ஆயில் போட்டு எத்தனை வருடமாயிற்று என்பதெல்லாம் அப்புறம். மேலே நாலு கீறல் தெரிந்தால் கண்ணாடியின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். கொண்டுபோனவரும் தலையாட்டுவார். கொஞ்ச நேரத்தில் பழைய கண்ணாடி குப்பைக்கூடையில் கிடக்கும்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை இரண்டு பேருமே மறந்துவிடுகிறார்கள். (ஒருவர் மறக்கிறார், இன்னொருவர் மறந்த மாதிரி இருக்கிறார் என்று சொல்வதுதான் நியாயம்.) தூக்கிப் போட்டது கண்ணாடியே இல்லை. அது அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். கண்ணாடியில் கீறல் விழுந்தால் விழுந்ததுதான். அக்ரிலிக்கில் விழுந்த கீறலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பழைய பனியன் துணியும் கொஞ்சம் பாலிஷும் வைத்துக்கொண்டு எடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை. கீறல் ஆழமாக இருந்தால் அரை மணி நேரம்.

இவ்வளவுதானா, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். பத்து நிமிட வேலை தெரியாததால் எத்தனை வாட்ச்கள் பீரோவுக்குள் செத்துக் கிடக்கின்றன என்று பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. அடுத்த இருபத்தைந்து வருடங்களுக்கு நடுத்தர வர்க்கத்தின் மணிக்கட்டு என்றாலே ஹெச்.எம்.டி.தான். ஜனதா, பைலட், சோனா என்று பெயர்களே ஒரு தலைமுறைக்கு மனப்பாடம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச், முதல் சம்பளத்தில் வாட்ச், வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் மாலையும் வாட்ச்சும். 1984-ல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்க, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்கள் வர ஆரம்பித்தன. சாவி கொடுக்கும் வேலை போனது. சாவி வாட்ச் மெல்ல மெல்ல பீரோவுக்குப் போனது. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது பத்திரிகைகளில் வந்த அஞ்சலிகளைப் படித்துவிட்டு, பலரும் பீரோவைத் திறந்து அப்பாவின் வாட்ச்சைத் தேடினார்கள். எடுத்துப் பார்த்தால் மேலே புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். மணி தெரியவில்லை. "கண்ணாடி போச்சு" என்று மறுபடி உள்ளே வைத்துவிட்டார்கள். அல்லது கடைக்குக் கொண்டுபோய் முதல் வாக்கியத்தைக் கேட்டார்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது சரியல்ல. அவருக்கு அது பிழைப்பு. அரை மணி நேரம் உட்கார்ந்து தேய்த்தால் அதற்குக் கூலி கேட்க வேண்டும், கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். புதுக் கண்ணாடி போட்டால் பொருளுக்கும் காசு, கூலிக்கும் காசு, வேலையும் சீக்கிரம். "தேய்ச்சா போயிடும், நீங்களே வீட்ல பண்ணிக்கலாம்" என்று சொல்லி அனுப்பும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தெய்வங்கள். ஆனால் மாற்றுவதால் வாட்ச்சுக்கு என்ன கெடுதல் என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

அக்ரிலிக் கண்ணாடி கேஸின் வாயை விட ஒரு துளி பெரியதாக இருக்கும். அதைச் சுற்றிலும் நகம் மாதிரி பிடிக்கும் ஒரு கருவியால் நெருக்கி, உள்ளே இறக்கி விட்டுவிடுவார்கள். விரிய முயலும் அந்த இறுக்கம்தான் அதை நிறுத்துகிறது. அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் வருகிறது. கடையில் சரியான அளவு இல்லாவிட்டால் கிட்டத்தட்ட பொருந்துவதை வைத்து, ஓரத்தில் கொஞ்சம் பசை தடவி அனுப்புவதும் நடக்கிறது. பிறகு தூசி உள்ளே போகும், ஈரம் போகும், டயலில் புள்ளி புள்ளியாகக் கறை வரும். அப்போது அடுத்த வசனம்: "டயலும் போச்சு சார், பெயின்ட் அடிச்சிடலாம்." அதோடு முடிந்தது. அப்பாவின் வாட்ச்சில் மிச்சம் இருப்பது கேஸ் மட்டும்தான்.

அடுத்தது உயரம். பழைய கண்ணாடிகள் கோளமாக மேலெழும்பி இருக்கும். அந்த வளைவு அழகுக்கு மட்டும் இல்லை, மூன்று முள்ளுக்கும் மேலே இடம் வேண்டும். தட்டையான கண்ணாடியைப் போட்டால் நொடி முள் நடுவில் உரசும். வாட்ச் நின்று நின்று ஓடும். மெஷினைப் பிரித்துப் பார்ப்பார்கள், தப்பு கண்ணாடியில் இருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் நாலு கீறல். அதன் ஆழம் எவ்வளவு? தினசரி உபயோகத்தில் விழும் மயிரிழைக் கீறல்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணாடியின் கனமோ ஒரு மில்லிமீட்டருக்கு மேல். ஒரு சுவரில் சுண்ணாம்பு உரிந்ததற்காக வீட்டை இடிப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

சரி, இது கடைக்காரர் கட்சி. இரண்டாவது கட்சி இன்னும் படித்தவர்களுடையது. "அக்ரிலிக்கா? அய்யே, பிளாஸ்டிக்! நல்ல வாட்ச்னா சஃபையர் இருக்கணும்." இவர்கள் ஐயாயிரம் ரூபாய் வாட்ச்சைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி சஃபையரா என்பதுதான். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் சஃபையர் 9, மினரல் கண்ணாடி 5 அல்லது 6, அக்ரிலிக் 3 சொச்சம். ஆகவே சஃபையர் உசத்தி. கணக்கு முடிந்தது.

மோஸ் அளவுகோல் எதை அளக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எது எதைக் கீறும் என்பதை மட்டும்தான் அளக்கிறது. எது உடையும் என்பதை அளப்பதில்லை. சஃபையர் சுலபத்தில் கீறாது, உண்மை. ஆனால் கிரானைட் தரையில் ஓரம் பட்டு விழுந்தால் சில்லு சில்லாகப் போகும், அந்தச் சில்லுகள் டயலையும் முள்ளையும் கீறும், மெஷினுக்குள்ளும் போகும். அக்ரிலிக் அப்படி நொறுங்காது. அதிகபட்சம் விரிசல் விடும், அல்லது தெறித்து வெளியே வந்துவிடும். மினரல் கண்ணாடியோ இரண்டு பக்கமும் இல்லாத கதை. கீறலும் விழும், வீட்டில் தேய்த்தாலும் சுலபத்தில் போகாது. அதற்கு சீரியம் ஆக்ஸைடு பொடி, சுழலும் மோட்டார், ஏகப்பட்ட பொறுமை எல்லாம் வேண்டும். ஆனாலும் 'அசல் கண்ணாடி' என்ற மரியாதை மினரலுக்குக் கிடைக்கிறது, அக்ரிலிக்குக் கிடைப்பதில்லை.

நாசா 1965-ல் தன் விண்வெளி வீரர்களுக்காகச் சோதித்து ஏற்றுக்கொண்ட ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது அக்ரிலிக்தான் (ஹெசலைட் என்று அதற்கு ஒரு பெரிய மனிதர் பெயர்). ஆட்கள் இருக்கும் எடையற்ற கலத்துக்குள் கண்ணாடித் தூள் மிதந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும். ஒமேகா இன்றும் அந்த மாடலை ஹெசலைட்டோடும் விற்கிறது, சஃபையரோடும் விற்கிறது. உடனே ஒருவர் எழுந்து, "1971-ல் அப்போலோ 15-ல் நிலவில் நடந்துகொண்டிருந்த டேவிட் ஸ்காட்டின் ஸ்பீட்மாஸ்டர் கண்ணாடி கழன்று போனதே, அது?" என்று கேட்பார். போனது உண்மைதான். அடுத்த நடைக்கு அவர் தன் சொந்த பூலோவா வாட்ச்சைக் கட்டிக்கொண்டார். (அந்த பூலோவா 2015-ல் 16 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, அது தனிக் கதை.) ஆனால் கழன்றது, நொறுங்கவில்லை. வாதத்துக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

'பிளாஸ்டிக்' என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். அக்ரிலிக் 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்றும் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் சந்தைக்கு வந்த பொருள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் மூடிகள் அதில்தான் செய்யப்பட்டன. மூடி உடைந்து கண்ணுக்குள் அக்ரிலிக் துண்டு பாய்ந்த விமானிகளைப் பார்த்த ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர், அந்தத் துண்டுகள் கண்ணை அவ்வளவாக உறுத்தவில்லை என்று கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் கண்புரை அறுவைச் சிகிச்சையில் உள்ளே வைக்கும் லென்ஸ். முதல் லென்ஸை 1949-ல் லண்டனில் வைத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-லிருந்து இந்த லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்து வருகிறது. ஆக, "பிளாஸ்டிக் கண்ணாடியா!" என்று பேரன் முகம் சுளிக்கும் அதே வீட்டில், பாட்டி அதே வகைப் பிளாஸ்டிக் வழியாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கண்ணுக்குள் வைக்க லாயக்கானது கைக்கடிகாரத்தில் வைக்க லாயக்கில்லையாம்!

மூன்றாவது கட்சி கொஞ்சம் கவிதைக் கட்சி. "கீறல்களை எடுக்காதீர்கள். ஒவ்வொரு கீறலும் ஒரு நினைவு. அப்பா பஸ்ஸில் தொங்கியபோது விழுந்தது, வயலில் விழுந்தது..." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டயல் பழுப்பேறி இருந்தால் அதை அப்படியே விடச் சொல்வதில் நியாயம் உண்டு, திரும்ப வராதது அது. ஆனால் கண்ணாடி ஒரு ஜன்னல். ஜன்னலில் படிந்த அழுக்கை நினைவு என்று யாரும் வைத்துக்கொள்வதில்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் கீறல் விழுந்தால் லென்ஸ் மாற்றிக் கொடுக்கிற பிள்ளைதான், அவர் வாட்ச்சின் மங்கலைப் பற்றிக் கவிதை பேசுகிறார். அந்த அப்பா உயிரோடு இருந்து வாட்ச்சைக் கட்டியிருந்த காலத்தில் தன் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் மணி பார்த்திருப்பார். அவருக்கு மணி தெரிய வேண்டியிருந்தது.

இனி வேலை. இதைச் சொல்லாமல் சண்டை மட்டும் போட்டால் அது வெறும் வாய்ச்சவடால்.

முதலில் அது அக்ரிலிக்தானா என்று பார்க்க வேண்டும். விரல் நகத்தால் தட்டினால் கண்ணாடி 'டிங்' என்று சுருக்கமாகச் சத்தம் போடும், அக்ரிலிக் 'டப்' என்று மழுங்கலாக. உதட்டில் வைத்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும், அக்ரிலிக் அவ்வளவு இருக்காது. அடுத்து, கீறலின் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்ட வேண்டும். நகம் தடுக்கவில்லை என்றால் பாலிஷ் மட்டும் போதும். தடுக்கிறது என்றால் உப்புத்தாள் வேண்டும்.

தேய்த்தால் என்ன நடக்கிறது என்பதில் ஒரு பெரிய தவறான எண்ணம் உலவுகிறது. பேஸ்ட் போய் கீறலை நிரப்பிவிடுகிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நிரப்புவதில்லை. கீறல் தெரிவதற்குக் காரணம், அதன் சொரசொரப்பான சரிவுகளில் பட்ட வெளிச்சம் நேரே போகாமல் சிதறுவது. தேய்க்கும்போது கீறலைச் சுற்றியிருக்கும் பகுதி அதன் ஆழம் வரை இறங்குகிறது. கீறல் மறைவதில்லை, அதன் கரைகள் மறைகின்றன. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஆழக் கீறலைப் பற்பசையால் மணிக்கணக்கில் தேய்ப்பது ஏன் வீண் என்று தெரியும். கீறல் மேல் மட்டும் விரலை வைத்து அழுத்தித் தேய்த்தால் ஏன் அங்கே ஒரு குழி விழுந்து முள் வளைந்து தெரிகிறது என்றும் தெரியும்.

ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோகத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி மூட வேண்டும். இதை விட்டுவிட்டுத் தேய்ப்பவர்கள்தான் அதிகம். பல பழைய வாட்ச்களின் கேஸ் பித்தளை மேல் குரோமியம் பூசியது. ஒரு தடவை பாலிஷ் பட்டால் ஓரத்தில் மஞ்சள் பித்தளை எட்டிப் பார்க்கும், அதைத் திரும்பப் பூச வீட்டில் வழியில்லை. சாவி முழுக்க உள்ளே அழுத்தியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆழக் கீறலுக்கு, மோட்டார் கடையிலும் பெயின்ட் கடையிலும் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கிடைக்கும் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். 800 நம்பரில் ஆரம்பித்து 1200, 2000 என்று போகலாம். கீறல் ரொம்ப ஆழமில்லை என்றால் 1200-லேயே ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். பெயர் வாட்டர் பேப்பர் என்பதற்காகக் குழாயடியில் வைத்துத் தேய்க்கக் கூடாது. அந்தக் கால வாட்ச்கள் நிறைய தண்ணீர் தாங்காதவை. தாளை நனைத்து உதறி, ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். முதல் தாளில் மேலும் கீழுமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் இடம் வலமாக. முந்தைய தாளின் கோடுகள் முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். இந்த ஒரு விதியை மீறினால், கடைசியில் பளபளப்பாகும்போது அடியிலிருந்து 800-ன் கோடுகள் சிரிக்கும்.

முதல் தடவை செய்பவர்கள் பயந்துபோகும் இடம் இதுதான். உப்புத்தாள் போட்டதும் கண்ணாடி மொத்தமாகப் பால் வெள்ளையாகிவிடும். நாலு கீறல் இருந்த இடத்தில் டயலே தெரியாது. "கெடுத்துட்டோமே" என்று வயிறு கலங்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடியவர்கள் உண்டு. ஓட வேண்டாம். பனியன் துணியில் பாலிஷைத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக, கண்ணாடி முழுவதும் பரவலாகத் தேய்த்தால் மூன்று நாலு நிமிடத்தில் நடுவில் எண்கள் தெரிய ஆரம்பிக்கும். பனி விலகுகிற மாதிரி.

பாலிஷ் எது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு சித்தாந்தம். பிராஸோ போடலாம், நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் வாசனையிலேயே அமோனியா தெரியும், ஊற விடாமல் துடைத்துவிட வேண்டும். அக்ரிலிக்குக்கென்றே ஜெர்மனியிலிருந்து பாலிவாட்ச் என்று சின்ன டியூபில் ஒரு பேஸ்ட் வருகிறது, கிடைத்தால் நல்லது. பற்பசை மயிரிழைக் கீறலுக்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. 'ஜெல் பேஸ்ட்டில் தேய்க்கிற பொருளே கிடையாது, வெள்ளை பேஸ்ட்தான் வேண்டும்' என்று ஒரு பிரசங்கம் எங்கும் கேட்கிறது. பெரும்பாலான ஜெல்களில் சிலிக்கா இருக்கிறது, அதுவும் தேய்க்கும். எதைப் போட்டாலும் ஒரே இடத்தில் வேகமாகத் தேய்க்கக் கூடாது. அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இளக ஆரம்பிக்கும் பொருள். கையால் தேய்த்தால் பயமில்லை. சுழலும் டிரில்லில் பஞ்சு மாட்டிக்கொண்டு அவசரப்படும் வீரர்கள்தான் கண்ணாடியை உருக்கி வைக்கிறார்கள். முடிந்ததும் ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று எதையும் வைத்துத் துடைக்கக் கூடாது. அக்ரிலிக்கில் அவை சிலந்தி வலை மாதிரி விரிசல்களை உண்டாக்கும். ஈரத்துணி போதும்.

வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் வீடுகள் இவை. கறுத்துப்போன விளக்கைப் பார்த்து "விளக்கு போச்சு, மாத்திடலாம்" என்று யாரும் சொன்னதில்லை. அரிவாள்மனை மழுங்கினால் சாணை பிடிக்கிறவர் வரும் வரை காத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்குத் தேய்க்கத் தெரியாது என்று யார் முடிவு செய்தது? வாட்ச் என்றால் அது நிபுணர் தொடும் சமாச்சாரம், மூடியைத் திறக்கவே கூடாது என்ற பயம் எப்படியோ வந்துவிட்டது. மெஷின் விஷயத்தில் அந்தப் பயம் நியாயமானது. கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்கும் மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை.

மாற்றியே ஆக வேண்டிய கண்ணாடியும் உண்டு. ஓரத்திலிருந்து உள்ளே ஓடும் விரிசல் தேய்த்துப் போகாது, அது முழு ஆழத்துக்கும் இருக்கும். உடம்புக்குள்ளேயே மஞ்சள் பாரித்திருந்தாலும், நுண்விரிசல் வலை விட்டிருந்தாலும் பாலிஷ் உதவாது. கீறல் உள்பக்கம் இருந்தால் கண்ணாடியைக் கழற்றித்தான் தேய்க்க வேண்டும், அது கருவி வைத்திருப்பவர் வேலை. பல தடவை தேய்த்து மெலிந்துபோனதும் மாற்ற வேண்டியதே. அப்படிப் போகும்போது, பழைய கண்ணாடியின் விட்டத்தைக் காலிப்பரில் அளக்கச் சொல்லி, அதே வளைவு உயரத்தில் கேட்டு வாங்க வேண்டும். போட்ட பிறகு சாவியை இழுத்து முள்களை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எதுவும் உரசவில்லை என்று தெரிந்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும். கழற்றிய பழைய கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உப்புத்தாளைத் தேய்த்துப் பழக அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.